பிறந்த வீட்டுக் கோடி

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். உன் முத்திரை மையின் வாசம் குப்பென்று வந்தது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது, அந்த ஊதா மைப் பெட்டி இன்னும் காயவில்லை. குண்டசாலை மழையில் துவைத்துப் போட்ட துணியே காய்வதில்லை, மை எங்கே காயப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் ஊதாவானது. சும்மா இருக்கத்தான் எனக்குத் தெரியாதே.

அலுமாரியைத் திறக்கவைத்தவர்கள் கெலிஓயாவிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதி. திரீவீலில் வந்து இறங்கி, விவாகச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதற்குச் சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்றவேண்டும். யாரோ பழைய ஆள் உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்.

“டிரான்ஸ்லேசன் மிஸ் இரிக்காங்களா?” என்றான் அவன்.

“இல்லைங்க. அவங்க தவறிட்டாங்க,” என்றேன்.

அந்தப் பெண் வாய்க்குள் துஆ ஓதினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்க அவங்கட தங்கச்சியா?” என்று கேட்டாள்.

இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு “ஆமா” என்று சொல்லிப் பழகிய வாய் இது. வீட்டுச் சொந்தக்காரிக்கு, பால் கொண்டுவருகிறவருக்கு, வாக்காளர் இடாப்பு எழுத வந்த கிராம சேவகருக்கு, எல்லோருக்கும் நான் உன் தங்கச்சி. இன்றைக்கு “இல்லை” என்று சொல்லிவிட்டேன். அவள் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அறிய எனக்கும் ஆவலாகத்தான் இருந்தது. தேத்தண்ணி கொடுத்து, டவுனில் இருக்கிற இன்னொரு மொழிபெயர்ப்பாளரின் நம்பரை அலுமாரியில் தேடி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அவர்கள் போனபிறகு உன்னோடு பேசவேண்டும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன். உன்னிடம் கேட்க நிறையச் சேர்ந்துவிட்டது.

கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நீ முதன்முதல் வந்த நாளை யோசித்துப் பார்க்கிறேன். கண்ணாடியின் ஒரு காலில் ஆணி விழுந்து, தையல் நூலால் கட்டியிருந்தாய். பூசாரி காப்புக் கட்டின மாதிரி இருக்கிறதே என்று நான் சிரித்தேன். ஆணியை முடுக்கிக்கொண்டே, வழக்கம்போல, என்ன வேலை, எந்த ஊர் என்று விசாரித்தேன். உன் ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் என்றாய். வேலை கேட்டதற்கு, “மற்றவையின்ர கலியாணத்தை இங்கிலீசில சொல்லுறது,” என்றாய்.

“ஒங்க கல்யாணத்த?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“அதுக்கு இன்னும் பாஷை வரேல்லை,” என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. ஆனால் நீ போனபிறகும் அந்தப் பதிலை அன்று முழுக்க வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உன் கண்ணாடி அடிக்கடி பழுதானது. மூக்குத் தாங்கி கழலும், கால் வளையும், சட்டம் இளகும். நல்ல கண்ணாடிக்கு இப்படி வரக்கூடாதே என்று நான் முதலாளியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஊசியால் நீயே ஆணியைக் கழற்றிக்கொண்டு வந்தாய் என்று பல மாதம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டாய். கள்ளி.

பிறகு குண்டசாலையில் இந்த மேல்மாடி. வீடு உன் பெயரில் வாடகை. நான் உன் தங்கச்சி. நாவலப்பிட்டி மலையகத் தமிழ் பேசுகிற ஒருத்திக்கு யாழ்ப்பாணத்தில் எப்படி அக்கா இருக்கமுடியும் என்று கேட்க இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சிங்களச் சனத்துக்கு நம் இரண்டு தமிழும் ஒன்று. வீட்டுக்குள்ளேதான் சண்டை. நான் “ஆமா” என்றால் நீ “ஓம்” என்பாய். நான் வைக்கிற ரசத்தை “இது சுடுதண்ணியோ?” என்று கேட்பாய். உன் மிளகாய்த்தூளுக்கு என் கண்ணில் தண்ணீர் வரும்.

என்னை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “இஞ்சரும்” என்பாய். உங்கள் ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நான் இருந்தேன். ஒருநாள் கடைக்கு ஒரு யாழ்ப்பாணத்துச் சோடி வந்தது. அந்த அம்மா தன் வீட்டுக்காரரை “இஞ்சருங்கோ, இந்தப் பிரேமைப் போட்டுப் பாருங்கோ” என்றார். நான் சும்மா இருப்பேனா? ஒங்க ஊர்ல எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவீங்களா என்று கேட்டேன். “சீ, வீட்டுக்காரரைத்தான்,” என்று வெட்கப்பட்டார். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே, “நீர் கண்டுபிடிக்க இவ்வளவு காலமோ?” என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் உன்னால் சோறு சாப்பிடமுடியாது. நீதிமன்றத் தாள்களை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து உனக்கு அது ஒரு ருசி. நாம் இரண்டு பேரும் பூட்டிய கதவுக்குள் இருந்தாலும் குற்றம் என்று ஒரு சட்டம் இந்த நாட்டில் இருப்பதை நீதான் எனக்குச் சொன்னாய். வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போனது. முதலில் ஆண்களை மட்டும்தான் சொல்லியிருந்ததாம். பிறகு நம் ஆட்களே உட்கார்ந்து திருத்தி, பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். “பாரும், பெண்களுக்குச் சம உரிமை எவ்வளவு கெதியா வந்திட்டுது,” என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

அந்தச் சட்டத்தை மாற்ற ஒரு சட்டமூலம் வந்த காலத்தில் நீ பத்திரிகையைக் கையை விட்டு வைக்கவில்லை. மாற்றுவது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்ன அன்று பாயாசம் வைத்தாய். பிறகு பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போனது. பாயாசம் வைத்தது நட்டம் என்றேன்.

“அது வந்தாலும் பாதிதான், இஞ்சரும்,” என்றாய். “குற்றமில்லை எண்டு சொல்லுறது வாசலில நிக்கிற பொலிஸைப் போகச் சொல்லுறது மாதிரி. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குடும்பம் எண்டு சொல்லுறது வேற.”

“சொன்னா என்ன கெடைக்கும்?” என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எனக்கு உன் சோறு, உன் பக்கத்துப் பாய், ஞாயிற்றுக்கிழமை மகாவலிக் கரையில் ஒரு நடை. அதற்கு மேல் அரசாங்கம் எதைத் தரப்போகிறது என்று இருந்தது.

“நான் செத்தா என்னை என்ன செய்யிறது எண்டு நீர் சொல்லலாம்,” என்றாய்.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. உனக்கு ஊர் பிடிக்காமல் இல்லை. திருவிழாவுக்கு வருடா வருடம் போவாய், பனங்கட்டியும் பனம்பினாட்டுமாகத் திரும்பி வருவாய். ஆனால் உன் சீவியம் இங்கே என்பதில் உறுதியாக இருந்தாய். “செத்தாப் பிறகும் என்னை ஊருக்கெண்டு அந்த ஏ-நைன் றோட்டில ஏத்திப்போடாதையும். உயிரோட போகேக்கையே இடுப்பு முறியுது. இஞ்சை மஹியாவைச் சுடலையில எரிச்சுப்போட்டு, நீர் வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடியும்.” நான் சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். திரீவீலில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் யார் என்று தாதி கேட்டாள். பழகின வாய், “நங்கி,” தங்கச்சி என்று சிங்களத்தில் சொன்னேன். தலைக்குள் இரத்தக் கசிவு, உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். உன் அடையாள அட்டையும் என் அடையாள அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உன் தகப்பன் பெயர் வேறு, என் தகப்பன் பெயர் வேறு. தாதி என்னைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. “உண்மையான குடும்பத்தில் யாரும் இல்லையா?” என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

கொக்குவிலில் இருந்த உன் தம்பிக்குப் போன் பண்ணிக் கொடுத்தேன். அவன் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிட்டு, உன் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அதன்பிறகு டாக்டர்மார் பேசியது எல்லாம் அவனோடு. நான் கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் என் போன் அடித்தது. உன் தம்பி. பஸ் இரைச்சலில் அவன் அழுவதுதான் முதலில் கேட்டது. “அக்கா போட்டா,” என்றான்.

கதவுக்கு அந்தப் பக்கம் நீ. இந்தப் பக்கம் நான். நீ செத்த செய்தி, வவுனியாவில் பஸ்ஸில் இருந்த உன் தம்பியைச் சுற்றிக்கொண்டு எனக்கு வந்து சேர்ந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள், உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலையிலிருந்து உன்னை இந்த மேல்மாடிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பகல் மட்டும். பின்னேரம் வேன் வரும், யாழ்ப்பாணத்துக்கு. உன் சின்னம்மா எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டார். உடலைப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது உன் தம்பி. அதனால் நீ அவர்களுடைய ஆள். சட்டம் அப்படித்தான்.

நான் ஒரு தடவை வாய் திறந்தேன். “அவங்க இங்கேயே எரிக்கச் சொன்னாங்கம்மா,” என்றேன்.

சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை, நீங்கள் நல்ல சிநேகிதி. அவவை நல்லாப் பாத்தனீங்கள். ஆனா இது குடும்ப விசயம். பெத்த மண்ணில போகவேணும், என்ன?” என்று அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நான் யார் என்று சொன்னால்தான் சண்டை பிடிக்கலாம். சொன்னால் உன் பிணத்தின் முன்னால் உன் பெயர் நாறும். நான் குசினிக்குப் போய், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். வேன் வருவதற்குள் உனக்குக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அப்போதுதான் என் அண்ணன் வந்தார்.

அண்ணனை உனக்குத் தெரியும், போனில் மட்டும். நாவலப்பிட்டியில் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பா போனபிறகு எனக்கு அவர்தான் அப்பா. இந்த வீட்டுப் படியை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. போன் எடுத்தால் கடைசியில், “அவங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்பார், உன் பெயரைச் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் என்ன நினைக்கிறார்? யாரிடமும் எதையும் கேட்டுவிடுகிற நான், இதை மட்டும் அவரிடம் கேட்டதில்லை. போனில் செய்தி சொல்லியிருந்தேன், ஆனால் அவர் சாவுக்கு வருவார் என்று நினைக்கவில்லை. மதினியும், எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலரும் கூட வந்திருந்தார்கள். அண்ணன் கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, ஒரு புதுச் சேலை.

சேலையைப் பார்த்ததும் அது எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் புருஷன் செத்தால், அவளுடைய பிறந்த வீட்டார் அவளுக்கு ஒரு புதுச் சேலை கொண்டுவருவார்கள். அண்ணனோ தம்பியோ பிணத்துக்குப் பக்கத்தில் வைத்து அதை அவள் தோளில் போடுவான். அதுதான் கோடி. துணை இழந்தவளைத் தவிர வேறு யாருக்கும் அப்படிப் போடமாட்டார்கள். தங்கச்சிக்கு இல்லை. சிநேகிதிக்கு இல்லவே இல்லை. சாவு வீட்டில் கோடி விழுந்தால், அங்கே யார் யாருக்கு என்ன என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது.

உன் சின்னம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. யாரோ மரியாதைக்குக் கொண்டுவந்த சேலை என்று நினைத்து, எழுந்துபோய் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். “நல்லது தம்பி. பிள்ளைக்குப் போடுவம்,” என்று சொல்லிக்கொண்டே சேலையை உதறி, உன் மேல் விரிக்கப் போனார். உன் முழங்கால் வரை விரித்தும்விட்டார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எல்லோரும் மரியாதையாகக் கலைந்திருப்பார்கள், நான் சிநேகிதியாகவே இருந்திருப்பேன். அண்ணன் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தொண்டையைச் செருமினார்.

“அம்மா, அது அவங்களுக்கு இல்லைங்க.”

“பின்னை ஆருக்கு?”

“எங்க தங்கச்சிக்கு.”

சின்னம்மா சேலை நுனியைப் பிடித்தபடியே நின்றார். “அவவுக்கு ஏன் தம்பி?”

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி முன்னால் வந்து, ஏதோ சமையல் முறை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்: “வீட்டுக்காரவங்க தவறிட்டா, பொறந்த வீட்டுல இருந்து கோடி போடுறது எங்க வழக்கம்மா.”

உன் தம்பி கதவோரம் நின்றிருந்தான், அவன் தலை நிமிர்ந்தது. அண்ணன் குனிந்து, உன் முழங்காலில் இருந்து சேலையை மெதுவாக எடுத்தார். எடுக்கும்போது, “மன்னிச்சுக்கங்க,” என்றார். சின்னம்மாவிடம் இல்லை, உன்னிடம். அவர் உன்னோடு நேரில் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு வந்து என் தோளில் போட்டார். கத்தரிப்பூ நிறம். “வெள்ளை வேணாம்னு நான்தான் சொன்னேன்,” என்று மதினி என் காதில் சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் அழவில்லை, நீ இந்த வீட்டுப் படி ஏறி வந்தபோது அழவில்லை. தங்கச்சியாக எவ்வளவு அழலாம், சிநேகிதியாக எவ்வளவு அழலாம் என்று அளந்துகொண்டே இருந்திருக்கிறேன் போல. அன்றைக்கு அளவு தேவைப்படவில்லை.

ஒன்று சொன்னால் நீ சிரிப்பாய். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு ஆராய்ச்சி. மனைவி என்று ஒரு மனிதரும் என்னைச் சொன்னதில்லை, நேரே விதவையாகிவிட்டேனே, இது எந்தக் கணக்கில் சேரும் என்று யோசித்தேன். அந்தக் கோடி வழக்கம் எனக்குப் பிடித்ததே இல்லை. புருஷன் செத்த பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தி முத்திரை குத்துகிற வேலை என்று நானே உன்னிடம் திட்டியிருக்கிறேன். அதே சேலையை இரண்டு கையாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

உன் தம்பி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது. “அக்கா உங்களிட்டை என்ன சொன்னவ?” என்று கேட்டான்.

ஏ-நைன் றோட்டையும் உன் இடுப்பையும் சொன்னேன். அவன் சிரித்து, சிரித்தபடியே அழுதான். “அவ அப்பிடித்தான் கதைக்கிறவ,” என்றான். பிறகு வெளியே போய், வரவேண்டாம் என்று வேன்காரனுக்குப் போன் பண்ணினான்.

சின்னம்மா விடவில்லை. “ஊர் என்ன சொல்லும் தம்பி? பிள்ளையை இஞ்சை அநாதை மாதிரி விட்டிட்டு வந்ததெண்டு சொல்லாதோ?”

“அநாதை இல்லைச் சின்னம்மா,” என்றான் அவன். “சீலை போட ஆக்கள் வந்திருக்கினம்.”

சின்னம்மாவுக்கு அது சம்மதமே இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒரு வருடத்தில் வந்த ஆட்டைத் திவசத்துக்கு நான் கொக்குவில் போனபோதும் பக்கத்து வீட்டாருக்கு என்னைச் சிநேகிதி என்றுதான் அறிமுகப்படுத்தினார். ஆனால் அன்றைக்கு அவர் மஹியாவை வரைக்கும் வந்தார். மயானத்து ஆட்கள் உறவினர் யார் என்று கேட்டபோது உன் தம்பி போய்க் கையெழுத்துப் போட்டான். நான் அவன் பின்னால் நின்றேன். வீட்டுக்கு வந்து, நீ சொன்னபடி தேத்தண்ணி குடித்தேன். சீனி போட மறந்துவிட்டேன்.

அண்ணனிடம் பிறகு ஒருநாள் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று. அவர் நாவலப்பிட்டி வீட்டில் வானொலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஒனக்குக் காய்ச்சல்னா அவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. அவங்களுக்குக் காய்ச்சல்னா நீ லீவு போடுவ. இதுக்கு மேல என்ன தெரியணும்?” என்றார். அப்புறம் ஏன் ஒருநாளும் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டேன். “வந்தா நீ பொய் சொல்லணும். அது எதுக்கு?” என்றார். இந்தப் பதிலை நான் இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. அது அன்பா, பயமா, இரண்டும் கலந்ததா? நீ இருந்தால் இரண்டு பேரும் இதை வைத்து ஒரு வாரம் பேசியிருப்போம்.

எனக்கு நல்லபடியாக முடிந்தது என்று எங்கள் பெண்கள் சொல்கிறார்கள். முடிந்ததுதான். ஆனால் நான் யோசித்துப் பார்க்கிறேன். அண்ணன் வராமல் இருந்திருக்கலாம். நாவலப்பிட்டி பஸ் பழுதாகியிருக்கலாம். உன் தம்பி வேறு மாதிரி மனிதனாக இருந்திருக்கலாம். இதில் ஒன்று பிசகியிருந்தாலும் நீ வேனில் ஏறியிருப்பாய், நான் வாசலில் நின்று கையாட்டியிருப்பேன். நல்ல மனிதர்கள் வாய்த்தவளுக்கு வழக்கமே போதும். அண்ணன் வராதவள் என்ன செய்வாள்? சொன்னால் என்ன கிடைக்கும் என்று அன்று உன்னிடம் கேட்டேனே, அதற்கு விடை எனக்கு இப்போது தெரிகிறது. யாருடைய தயவும் இல்லாமல் உன் பக்கத்தில் நின்றிருப்பேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பவேண்டி வந்தது. பின்னேரம் ஒரு சட்டத்தரணிப் பிள்ளை வந்தாள், கொழும்புத் தமிழ்ப் பெண். நம்மைப் போன்ற சோடிகளுக்குச் சட்டத்தில் ஒரு இடம் வேண்டும் என்று கேட்கிற சிலர், இப்படி இழந்தவர்களின் கதைகளைச் சேர்க்கிறார்கள். மதினியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பெயர் போடாமலும் சொல்லலாம் என்றாள் அந்தப் பிள்ளை. பெயரை யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தட்டினாள்.

“ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? ரெண்டு பேர் பெயர்ல பேங்க் புக், வீட்டு ஒப்பந்தம், அப்படி ஏதாவது?”

இல்லை என்றேன். வீடு உன் பெயரில். வங்கி தனித்தனி. சேர்ந்து எடுத்த படம்கூட இரண்டோ மூன்றோ, அதிலும் நடுவில் யாரையாவது நிறுத்தியிருப்போம். யாராவது எதையாவது கண்டுபிடிப்பார்கள் என்று பயந்து, கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லாமல் வாழ்ந்து முடித்திருக்கிறோம். இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். கெட்டித்தனம் கூடிப்போனால் இப்படித்தான்.

பிறகு அறைக்குள் போய்க் கோடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவளுக்கு அது என்ன என்று தெரியவில்லை. அண்ணன் தாம்பாளத்தோடு வந்ததிலிருந்து, சின்னம்மா உன் மேல் விரித்ததிலிருந்து, எல்லாம் சொன்னேன். தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டாள். நல்ல பிள்ளை, எனக்குப் பிடித்தது.

கொஞ்ச நேரம் தட்டினாள். நின்றாள். அழித்தாள். மறுபடி தட்டினாள்.

“ஆன்ட்டி, இந்தக் கோடிங்கிறத இங்கிலீஷ்ல எப்படிப் போடுறது? புதுச் சேலைன்னு போட்டா ஒண்ணும் விளங்காதே.”

நான் சட்டென்று திரும்பினேன், உன்னிடம் கேட்க. ஒரு வருடமாக இப்படித்தான். கடையில் ஒருவர் புதிதாக ஒன்றைச் சொன்னாலும், பஸ்ஸில் யாரோ விளங்காத ஒன்றைப் பேசினாலும், முதலில் உன் பக்கம் திரும்பிவிட்டுத்தான் நீ இல்லை என்பது ஞாபகம் வருகிறது.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றேன். “தெரிஞ்சவங்க இப்ப இல்ல.”

“யாரு ஆன்ட்டி?”

“என் வீட்டுக்காரவங்க,” என்றேன். பிறகு உன் பெயரைச் சொன்னேன், என் பெயரையும் சொன்னேன். இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொன்னேன்.